அம்மா கையில் வந்த வாக்குத்தத்தம்

புத்தாண்டுக் காலை ஆராதனையில் எங்கள் சபையில் ஆளுக்கொரு வாக்குத்தத்தச் சீட்டு எடுப்போம். சபை கிள்ளான் நகரத்தில் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. வேத வசனம் அச்சிட்ட சின்னத் தாள்களைச் சுருட்டி, நூல் கட்டி, பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார்கள். கையை விட்டு எடுத்தால் எது வருகிறதோ, அதுதான் அந்த வருஷத்துக்குக் கர்த்தர் நமக்குத் தந்த வாக்கு. கல்யாணமே வேண்டாமென்று இருந்த ஒரு மாமாவுக்குப் பிள்ளைச் செல்வம் பற்றிய வசனம் வந்து சபையே சிரித்திருக்கிறது. பாவம், அவர் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டும் பாஸ்டர் விடவில்லை.

எனக்குப் பதினோரு வயதான வருஷம், தாள் சுருட்டும் வேலை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளான எங்களுக்கு வந்தது.

அண்ணன் வீட்டை விட்டுப் போய் அப்போது ஐந்து மாதம். படிப்பைப் பாதியில் நிறுத்தியதை மறைத்திருக்கிறான் என்று தெரிந்த அன்று, இனி இந்த வீட்டுப் பக்கமே வராதே என்று அப்பா சொல்லிவிட்டார். அவனும் ரோஷக்காரன், அப்பாவின் பிள்ளைதானே. ஒரு பையை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனவன்தான். தெற்கே ஜொகூர் மாநிலத்தில் இருப்பதாக யாரோ சொன்னார்கள். கைப்பேசி எண்ணையும் மாற்றிவிட்டான். துறைமுகத்தில் லோரி ஓட்டிய அப்பாவின் எதிரில் அவன் பெயரை யாரும் எடுக்கக் கூடாது. அம்மா ஜெபத்தில் எடுப்பாள், அதுவும் வாய்க்குள்ளேயே. எனக்கு அவன் இல்லாமல் வீடே பிடிக்கவில்லை. பாசாருக்குக் காய்கறி வாங்கப் போனால் ஹெல்மெட் போட்ட ஒவ்வொரு முகத்தையும் குனிந்து பார்ப்பேன்.

தாள் சுருட்டும்போது ஒரு வசனம் கண்ணில் பட்டது. பிள்ளைகள் தங்கள் எல்லைக்குத் திரும்பி வருவார்கள் என்பது அதன் சாரம். சுருட்டி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

புத்தாண்டன்று எங்கள் வரிசைக்கு டின்னைப் பிடித்தது நான்தான். அம்மாவின் முறை வந்ததும் அந்தச் சீட்டை மேலாக வைத்து, டின்னையே அவள் விரலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பாஸ்டர் அதை வாசித்ததும் அம்மா நின்ற இடத்திலேயே முழங்கால் போட்டு அழுதாள். கர்த்தருக்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்துவிட்ட பெருமை எனக்கு.

அம்மா சீட்டைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். அண்ணனின் படுக்கை விரிப்பை வாரம் தவறாமல் துவைத்தாள். எங்கள் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அடுப்பைக் கூடக் கவனிக்காமல் வெளியே போவாள். ஈஸ்டர் வந்தது, அண்ணன் வரவில்லை. கிறிஸ்துமஸ் நெருங்கியபோது, அவனுக்குச் சட்டை எடுக்க மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போகலாம் என்றாள். எனக்குத் தாங்கவில்லை. சமையலறையிலேயே அழுதுகொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா அடுப்பை அணைத்தாள். முந்தானையால் என் மூக்கைத் துடைத்தாள்.

"சீட்ட நீ வச்ச, பாப்பா. வசனத்த நீயா எழுதுன?"

பிறகு முன்னறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பாவுக்கு மட்டும் இது தெரிய வேணாம்."

அடி விழுமே என்று எனக்காகப் பயப்படுகிறாள் என்றுதான் நினைத்தேன். அப்பாவிடம் மூச்சு விடவில்லை. அன்றைக்கே போய்ச் சட்டை வாங்கி வந்தோம். நீலக் கோடு போட்டது, அளவு ஒரு குத்துமதிப்பு.

அண்ணன் இன்னும் வரவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும், அவன் வந்தால் முதலில் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டேதான் இருக்கிறேன். அம்மாவும் ஜெபத்தில் அவனைக் கேட்பதை நிறுத்தவில்லை.

அந்த வருஷம் முழுவதும் விடியற்காலையில் லோரிக்குக் கிளம்பும் முன் அப்பா குளிர்சாதனப் பெட்டியின் முன்னால் போய் நிற்பார். கதவைத் திறக்க மாட்டார். தண்ணீரும் எடுக்க மாட்டார். தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டு நான் புரண்டு படுத்துவிடுவேன். போ என்று சொன்ன வாய்க்கு, வா என்று சொல்ல அந்த ஒரு வசனத்தை விட்டால் வேறு வழி தெரிந்திருக்கவில்லை என்பது அன்று எனக்குப் புரியவில்லை.