டீ திரியும் நாள்

ஒவ்வொரு கோடையும் கடலூரில் இருந்து நாங்கள் போவது ஒரே இடத்துக்குத்தான். கிள்ளைக்குக் கிழக்கே, உப்பங்கழிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் ஒரு மணல் திட்டு அது. என் மனைவி பிறந்த வீடு அங்கே இருக்கிறது. இப்போது அவளுடைய அண்ணனும் அண்ணியும் அதில் இருக்கிறார்கள். மச்சானுக்கு நண்டு வலை. சிதம்பரம் வரை ஒரு பஸ், கிள்ளைக்கு இன்னொரு பஸ், அப்புறம் படகு. எங்கள் மகளுக்குப் பரீட்சை முடிந்த வாரமே போய்விடுவோம். ஆனால் திரும்புவதற்குத் தேதி கிடையாது. தேதி தெரியாமல் இருப்பது எனக்கு ஒத்துவராத காரியம். என்ன செய்ய, அதை முடிவு செய்வது நானல்ல, ஊற்று.

வீட்டுக்குப் பின்னால், சவுக்குத் தோப்பின் ஓரம், மணலில் இடுப்பளவு தோண்டிய குழிதான் ஊற்று. சித்திரை பாதி வரை தண்ணீர் நன்றாக இருக்கும். வெயில் ஏற ஏற அடியில் இருந்து உப்பு மேலே வரும். குடிக்கவே முடியாத உப்பு அல்ல. பால் தாங்காத உப்பு. ஒரு நாள் காலையில் டீ கொதிக்கும்போது பால் வெள்ளைத் துணுக்குகளாகப் பிரிந்து மேலே மிதக்கும். அன்றைக்கு நாங்கள் மூட்டை கட்ட வேண்டும். இது மச்சானின் சட்டம். நாங்கள் போன பிறகு இரண்டு பேருக்குக் கிள்ளையில் இருந்து இரண்டு குடம் வந்தால் போதும். ஐந்து பேருக்கு அது போதாது.

"ஊட்டுக்கு வந்தவங்களுக்குக் காசு குடுத்துத் தண்ணி வாங்கி ஊத்தறதா? ஊத்து இருக்கற வரைக்கும் விருந்து மாப்ள. அதோட சரி" என்பார்.

எட்டு வருடமாக இதற்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பழைய மாலுமிகளின் நாட்குறிப்புகளை நிறையப் படித்த பழக்கம். காற்று, நீர் ஏற்றம், டீ என்று மூன்று பத்திகள். எட்டு வருடத்தில் ஒரு முறைகூடக் கத்திரி வெயில் முடியும் வரை டீ தாங்கியதில்லை.

இந்த வருடம் அதுதான் என் மனைவியின் கவலை. அவளுடைய தங்கை மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிறாள். அம்மா இறந்ததற்கு வந்தவள், அதற்குப் பிறகு இப்போதுதான் லீவில் வருகிறாள். புகுந்த வீடு நெல்லிக்குப்பம். பத்து நாள் லீவில் அவர்கள் திட்டுக்கு விடுவது ஒரே ஒரு நாள், கத்திரி முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் டீ திரிந்துவிட்டால் நாங்கள் கடலூரில் இருப்போம்; ஊற்று போன பிறகு அந்தக் கோடையில் திரும்பி வருவதற்கும் மச்சானின் சட்டத்தில் இடமில்லை. தங்கை எங்களைத் தனியாகப் பார்ப்பாள், அண்ணனைத் தனியாகப் பார்ப்பாள். மூன்று பேரும் அந்த மணலில் சேர்ந்து உட்கார்ந்து ஆறு வருடம் ஆகிறது.

"அவ வர்ற வரைக்கும் தாங்குமாங்க?" என்று வைகாசி பிறந்ததில் இருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் நோட்டைப் புரட்டிப் பார்த்து, தாங்காது என்றேன்.

ஆனால் தாங்கியது. கத்திரி முடிவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை டீ திரியவில்லை. சனியும் இல்லை, ஞாயிறும் இல்லை. தினமும் காலையில் அண்ணி கிளாஸை நீட்டும்போது வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "திரியவில்லை" என்று எழுதிக்கொண்டேன். பங்குனியில் பெய்த ஒரு மழைதான் காரணம் என்று அரைப் பக்கம் விளக்கமும் எழுதினேன்.

கூடுதலாகக் கிடைத்த நாட்கள் என்பதால் எல்லாவற்றையும் மெதுவாகச் செய்தோம். காலையில் தண்ணீர் வடியும் வற்றத்தில் உப்பங்கழி முழங்கால் அளவுக்கு இறங்கும்; நானும் மகளும் நடந்தே எதிர்க்கரைக்குப் போய், தண்ணீர் ஏறுவதற்குள் திரும்புவோம். பதினோரு மணிக்குக் கடல் காற்று திரும்பும். அது சவுக்கில் நுழையும் சத்தம் கேட்டதும் மச்சான் கையில் இருக்கும் வலையைக் கீழே வைத்துவிட்டுத் துண்டை விரித்துப் படுத்துவிடுவார். வழக்கமாக இரண்டு வேளையாகச் சாப்பிடும் நண்டுக் குழம்பை மூன்றாவது வேளைக்கும் வைத்துக்கொண்டோம். மகள் போனை எங்கே வைத்தோம் என்றே ஒரு நாள் மறந்துபோனாள். அதையும் குறித்துக்கொண்டேன்.

தவறு செய்தது நான்தான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் படகுத்துறையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் ஊற்றெல்லாம் உப்பாகிவிட்டது என்று பேச்சு வந்தது. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "எங்க மச்சான் ஊத்துல இன்னும் பால் திரியலையே" என்று நோட்டைத் திறந்து காட்டினேன்.

புதன் விடிந்ததும் ஊற்றைச் சுற்றிக் குடத்தோடு ஐந்து பெண்கள் நின்றார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு கை அள்ளி வாயில் வைத்தவர், உடனே துப்பினார்.

"இதுலயா டீ போடறீங்க? எங்க ஊத்தே தேவல! ஏன் சார், நோட்டுல எழுதுறதுக்கு முன்னாடி நாக்குல வச்சுப் பாக்க மாட்டீங்களா?"

சிரிப்புச் சத்தம் கேட்டு மச்சான் வந்தார். அண்ணியின் முகத்தைப் பார்த்தார். அண்ணி என் மனைவியைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் நண்டுக் கூடையை எடுத்து வந்து, ஈரச் சாக்கை விலக்கிக் காட்டினாள். அடியில் கடைத் தண்ணீர் பாட்டில்கள். கிள்ளைக்கு நண்டு விற்கப் போகும்போதெல்லாம் இரண்டு வாங்கி, திரும்பும்போது கூடைக்குள் மறைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமையில் இருந்து நான் குடித்ததெல்லாம் அதில் போட்ட டீ.

"நான்தாண்ணா சொன்னேன்" என்றாள் என் மனைவி. "அவ வர்ற வரைக்கும் இருக்கணும்னு. தப்புதான். இன்னிக்கே கெளம்புறோம்."

மச்சான் குழியின் ஓரம் குந்தி, தண்ணீரைப் பார்த்தார்.

"இன்னிக்கு டீ போட்டாச்சா?" என்று அண்ணியிடம் கேட்டார்.

"இன்னும் இல்ல."

"அப்ப போடாத."

"பாட்டில் தண்ணி ஒண்ணு மிச்சம் இருக்கு..."

"அதுலயும் போடாத, இதுலயும் போடாத. டீயே போடாத. டீ திரிஞ்சாத்தான கெளம்பணும்?" என்று எழுந்தவர், என் பக்கம் திரும்பினார். "மாப்ள, இதுக்கு உன் நோட்டுல எடம் இருக்கா?"

ஒரு நாளைக்கு ஆறு டீ குடிக்கிற மனிதர் அவர். வலைக்குப் போகும் முன்னால் ஒன்று, வந்ததும் ஒன்று என்று கணக்கு. புதன் மத்தியானமே தலைவலி வந்து துண்டை நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டார். நாங்கள் மோர் கரைத்தோம், கஞ்சி குடித்தோம், நுங்கு வெட்டித் தின்றோம். என் மகள் மட்டும் விடவில்லை.

"மாமா, கண்ணு செவந்து போச்சு. ஒரே ஒரு வாய் குடிச்சுக்கோங்க, அப்பா எழுத மாட்டாரு."

"உங்கப்பன் எழுதாம இருப்பானா? நண்டு தும்முனாக்கூட எழுதுவான்."

வெள்ளிக்கிழமை நண்டு விற்க அவரே கிள்ளைக்குப் போனார். திரும்பி வந்ததும் அண்ணி கிட்டப் போய் மோந்து பார்த்தாள். "கடையில குடிச்சியா?"

"அவ வரட்டும்" என்றார்.

நோட்டில் அந்த நான்கு நாட்களுக்கும் டீ என்ற பத்தி காலியாக இருக்கிறது. மற்ற இரண்டு பத்திகளிலும்கூட அதிகம் எழுதவில்லை. மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக் கொடுத்த நாட்கள் அவை. எழுதிக்கொண்டு உட்கார மனம் வரவில்லை. என் மனைவி சாயங்காலங்களில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வலையில் சிக்கிய நண்டுக் கால்களை எடுத்துப் போட்டாள்.

ஞாயிறு காலை ஒன்பது மணிப் படகில் கொழுந்தியாள் வந்து இறங்கினாள். புடவையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தவள், அக்காவைக் கட்டிக்கொண்டாள். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை. பிறகு அண்ணியிடம் சொன்னாள்: "அண்ணி, ஊத்துத் தண்ணில ஒரு டீ போடுங்க. அங்க கெடக்கற நாளெல்லாம் அதத்தான் நெனைச்சேன்."

அண்ணி மச்சானைப் பார்த்தாள்.

"போடு" என்றார்.

பால் உடனே திரிந்தது. அண்ணி அதை அப்படியே வடிகட்டி எடுத்து வந்தாள். கவிழ்த்துப் போட்ட படகின் மேல் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கொழுந்தியாள் ஒரு வாய் குடித்துவிட்டு அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணா, இது டீயா, மோரா?"

"குடி. நாலு நாளா இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்" என்று மச்சான் கடைசிச் சொட்டு வரை குடித்தார். என் மனைவி அப்போதுதான் நடந்ததைத் தங்கையிடம் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கிளாஸ் சாய்ந்து டீ மணலில் போனது. அதற்குள் நான் மூன்று பேரையும் போனில் ஒரு படம் எடுத்திருந்தேன்.

டீ திரிந்துவிட்டது, சட்டம் சட்டம்தான். சாயங்காலம் கொழுந்தியாள் கிளம்பும் அதே படகில் எங்கள் மூட்டையும் ஏறியது. மச்சானே கோல் ஊன்றிப் படகைத் தள்ளினார். வழக்கமாக முக்கால் மணி நேரத்தில் போகிற தூரம். அன்றைக்கு ஒன்றே கால் மணி நேரம் ஆனது. நேரத்தைப் பார்த்தேன், ஏன் என்று கேட்கவில்லை. தங்கைகள் இரண்டு பேரும் படகின் பின்பக்கம் அவர் காலடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

கிள்ளையில் இறங்கியதும் முதல் வேலையாகக் கடையில் நின்று டீ குடித்தோம். அன்றைய பத்தியில் இரண்டு குறிப்புகள் இருக்கின்றன. காலை: திரிந்தது. மாலை, கிள்ளை: ஏழு டீ, அதில் மூன்று மச்சானுடையது.