பசை அக்காவும் லிஃப்டில் ஏறிய யானையும்

மூளையின் மின்னோட்டத்தைப் பதிவுசெய்யும் அறையில் வேலை பார்ப்பவளைக் குழந்தைகள் 'பசை அக்கா' என்பார்கள். தலையில் பசை தடவி ஒயர் ஒட்டுவது அவள் வேலை. பார்க்கிறவர்களிடமெல்லாம் "அசையாதே" என்று சொல்பவள், தான் ஓரிடத்தில் உட்கார்ந்ததாகச் சரித்திரமே இல்லை. அதனாலோ என்னவோ, துறுதுறு பிள்ளைகள் என்றால் அவளுக்கு உயிர்.

அன்று வந்தவள் ஏழு வயது வாலு. கவனம் நிற்பதற்காகப் பள்ளி நாட்களில் காலையில் மட்டும் மாத்திரை போட ஆரம்பித்திருந்தார்கள்; மாலை வீடு திரும்புவதற்குள் அதன் வேகம் தீர்ந்துவிடும். மாத்திரை போடாத நாளில் ஒரு பதிவு, போட்ட நாளில் ஒரு பதிவு வேண்டுமென்று மருத்துவர் கேட்டிருந்தார். இன்று போடாத நாள்.

அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. "இப்ப அமைதியா இருக்கான்னு டீச்சர் சொல்றாங்க. எனக்கு அதான் பயம். இவ பேச்சு இல்லாத வீட்டை என்னால நினைச்சே பார்க்க முடியல. பேச்சு போயிடும்னா மாத்திரையே வேண்டாம், நிறுத்திடறேன்."

பசை அக்கா போருக்குப் போவதுபோலச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒட்ட ஆரம்பித்தாள். வாலுவோ பெட்டிப்பாம்பாக உட்கார்ந்திருந்தாள். திரையில் கோடுகள் ஒரு குலுக்கலும் இல்லாமல் ஓடின.

"என்னம்மா, மாத்திரை குடுத்துட்டீங்களா?"

அம்மா மென்று விழுங்கினாள். "ஒயரைப் பிய்ச்சு எறிஞ்சுட்டா உங்களுக்குக் கஷ்டமாச்சேன்னு..."

பசை அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நல்லா இருக்கு போங்க. அவ ஆடுறதைப் பார்க்கத்தானே கூப்பிட்டோம்? சரி, இதைப் போட்ட நாள் கணக்குல வெச்சுக்கறேன். போடாம இன்னொரு நாள் வாங்க. அவ பிய்க்கட்டும், என் பாடு."

பசையைத் துடைக்கும்போது வாலு வாயைத் திறந்தாள். "அக்கா, ஒரு யானை லிஃப்ட்ல ஏறுச்சாம்."

"இந்தக் கதையா?" என்று அம்மா அசடு வழிந்தாள். "தினமும் ஆரம்பிப்பா. நடுவுல பூனை வரும், பஸ் வரும், யானை எங்கயோ போயிடும்."

இன்று பூனை வரவில்லை. "எல்லாரும் பயந்து இறங்கிட்டாங்களாம். அப்பவும் எடை அதிகம்னு லிஃப்ட் கத்துச்சாம். யானை யோசிச்சுச்சாம். தோள்ல இருந்த பையைக் கழட்டி வெளிய வெச்சுட்டு, இப்பப் போகலாம்னுச்சாம்."

பசை அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள், சிரிக்கச் சிரிக்கவே கண் நிறைந்துவிட்டது. சந்தோஷம் தாங்காமல் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"இத்தனை நாளா இதைச் சொல்லத்தான் தவிச்சியாடி?"