சாத்துக்குடி குடித்துவிட்டு வந்த ரத்தம்

ரத்தத்தில் வைட்டமின் சி அளப்பது என் பிழைப்பு. வெளிச்சம் பட்டாலே குறைந்துபோகிற சரக்கைப் பிடித்து வைக்கிற இந்தப் பாடு, லேபில் மாரடிக்கிற உங்களுக்கும் தெரியும்.

வெள்ளித்தாள் சுற்றிய குழாய்

கடத்தூர் பக்கத்திலிருந்து ஜெசிந்தா தன் சின்ன மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு தருமபுரிக்கு வந்தார். கொஞ்ச நாளாகப் பிள்ளை காலை ஊன்றவில்லை. தொடையெல்லாம் கன்றிப்போய் நீலம். இவர்தான் அடித்திருக்கிறார் என்று புருஷன் வூட்டில் முடிவே கட்டிவிட்டார்கள். பிள்ளையை வைத்துக்கொண்டு இவரை மட்டும் அம்மா வூட்டுக்கு அனுப்புவதாகப் பேச்சு. டாக்டருக்குத்தான் வேறு சந்தேகம். வைட்டமின் சி ரொம்பக் குறைந்தாலும் ரத்தம் இப்படிக் கசியும் என்று என்னிடம் அனுப்பினார்.

மறுநாள் வெறும் வயிற்றில் வரச்சொல்லி ரத்தம் எடுத்து, குழாய்க்கு வெள்ளித்தாள் சுற்றி ஐஸில் வைத்தேன். கூட வந்த புருஷன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ அடிச்சாளா இல்லையான்னு இதுல தெரிஞ்சுடுங்களா?"

நார்மல்

ரிசல்ட் நார்மல். அப்படியானால் அடிதான் என்று ஆகிவிடும். புருஷன் எழுந்து வெளியே போய்விட்டார். ஆனால் பிள்ளையின் ஈறு வீங்கி ரத்தம் கட்டியிருந்தது, ரிசல்ட்டோடு அது ஒத்துப்போகவில்லை. வெறும் வயிற்றில்தானே வந்தீர்கள் என்று ஜெசிந்தாவை மறுபடி கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். என்ன டெஸ்ட் என்று நர்சிடம் விசாரித்து, பஸ் ஸ்டாண்டில் டம்ளர் நிறைய சாத்துக்குடி ஜூஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

"பாஸாவட்டும்னுதாங்க குடுத்தேன். கம்மியா வந்தா சோறு போடாதவன்னு சொல்லிடுவாங்களேங்க."

வெள்ளை அணுக்கள்

கோபம் வந்தது, அதைவிடப் பாவமாக இருந்தது. குடித்த ஜூஸ் ரத்தநீரில் உடனே ஏறிவிடும். வெள்ளை அணுக்களுக்குள் அவ்வளவு சீக்கிரம் ஏறாது. டாக்டரிடம் சொல்லி மறுபடி ரத்தம் எடுத்து, அந்த அணுக்களைப் பிரித்து அளந்தேன். அடிமட்டம். கால் எலும்பு எக்ஸ்ரேயும் அதையே சொன்னது. பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றுகிற வூட்டில், பாலும் பிஸ்கட்டும் தவிர எதையும் வாயில் வைக்காமல் வளர்ந்திருக்கிறது பிள்ளை.

மருந்து கொடுத்துச் சில வாரம் கழித்து நடந்தே வந்தாள். அப்பாவின் கையைப் பிடித்திருந்தாள். அவர் என் முகத்தைப் பார்க்கக் கூசினார். இப்போது நிம்மதிதானே என்று ஜெசிந்தாவைக் கேட்டேன்.

"உங்க மிசினு ஒரு தடவ சொன்னதும் நம்பிட்டாருங்க. நான் தெனமும் சொன்னேன்."

பெண்டாட்டி பேச்சை நம்ப லேப் ரிப்போர்ட் கேட்கிறவர்கள் இருக்கிறவரை, எங்கள் தொழில் நொடித்துப்போகாது.