காரணம் சொல்லாத ‘வேணாம்’

குடித்தது அவர். வகுப்புக்கு வரச் சொன்னதோ என்னையும் சேர்த்து. நீதிமன்றத்தில் அதைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

என் வீட்டுக்காரர் கம்பத்தில் ஜீப் ஓட்டுகிறவர். விடிகாலையில் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்களை மலைக்கு ஏற்றிப் போய் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவார். வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடாவெட்டுக்குப் போய்விட்டு வரும்போது, கூடலூர் ரோட்டில் போலீஸ் நிறுத்தி ஊதச் சொன்னார்கள். பக்கத்து சீட்டில் எங்கள் மகள் இருந்தாள். “அப்பா ஊதுனதும் மிசினு கத்துச்சும்மா” என்று அவள் வந்து சொன்னாள்.

அபராதம் போட்டார்கள். லைசென்ஸை ஆறு மாதத்துக்கு முடக்கினார்கள். அதோடு தேனியில் ஓர் ஆஸ்பத்திரியின் குடிநோய்ப் பிரிவுக்கு வாராவாரம் போக வேண்டும், வீட்டாள் ஒருவர் கூட வர வேண்டும் என்று உத்தரவு. ஜீப் என் பேரில் இருந்தது, என் நகையை விற்று வாங்கியது. அன்றைக்கே சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

“லைசென்ஸு வந்தாலும் சாவிய எங்கிட்டதான் வாங்கணும். இனி ஒரு சொட்டு தொட்டீகன்னா ஜீப்ப வித்துருவேன்” என்றேன்.

சொன்னதைச் செய்கிறவள் என்று அவருக்குத் தெரியும். ஜீப் வாசலில் நின்றது. அவர் வாழைத்தார் ஏற்றும் வேலைக்குப் போனார்.

முதல் வகுப்பிலேயே வாதாட ஆரம்பித்துவிட்டார். “நான் குடிகாரன் இல்ல மேடம். வருசா வருசம் ஐயப்பனுக்கு மாலை போடுறேன். ஒரு மண்டலம் மோந்துகூடப் பாக்க மாட்டேன். குடிகாரனால முடியுமா?”

அறையிலிருந்த ஆண்களெல்லாம் அதானே என்று தலையாட்டினார்கள். பாதிப் பேர் மாலை போடுகிறவர்கள். வகுப்பெடுத்த ஆலோசகர் என் தங்கச்சி வயதுக்காரி. அவர் ஆண்களுக்குப் பதில் சொல்லவில்லை. கூட வந்திருந்த எங்கள் பக்கம் திரும்பி, “மாலையைக் கழட்டுற அன்னைக்கு என்ன நடக்கும்?” என்று கேட்டார்.

போடியிலிருந்து வந்திருந்த ஓர் அக்கா, “மாலை ஆணியில ஏறுறதுக்குள்ள பாட்டில் மூடி தெறந்துரும்” என்றார்.

பெண்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாலை கழட்டும் நாளில் கறியெடுத்து, சுக்கா வறுத்து, தொட்டுக்கொள்ளத் தட்டில் வைத்துக் கொடுத்தவளே நான்தான். விரதமிருந்து மலைக்குப் போய் வந்த மனுசன் வாய்க்கு ருசியாகச் சாப்பிடட்டும் என்று நினைத்தேன். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம்.

ஐப்பசி கடைசியில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. “கார்த்திகை பொறந்ததும் மாலை போட்டுர்றேன் மேடம். போட்டுட்டா ஒரு பயலும் ஊத்த மாட்டான்” என்றார்.

“சாமிக்காகன்னா தாராளமா போடுங்க” என்றார் ஆலோசகர். “ஒளிஞ்சுக்கிறதுக்குன்னா வேணாம். மாலை கழுத்துல இல்லாத நாளுக்குப் பழகத்தான் இங்க வர்றீங்க.”

திரும்பி வரும் பஸ்ஸில் இவர்தான் பேச்சை எடுத்தார். சின்னமனூர் தாண்டியதும், “இந்த வருசம் மாலை போடல” என்றார்.

எனக்குப் பயமாகிவிட்டது. “சாமி கோவிச்சுக்காதா?”

“இத்தன வருசம் சாமியச் சாக்கா வச்சிருந்தேனே, அதுக்குத்தான் கோவிச்சிருக்கும்.”

அதற்கப்புறம் வகுப்பில் கொடுத்த வீட்டுப்பாடம்தான் பெரும்பாடு. யாராவது ஊற்றிக் கொடுத்தால் ‘வேணாம்’ என்று மட்டும் சொல்ல வேண்டும். காரணம் சொல்லக் கூடாது. கேட்க லேசாக இருக்கிறது. எங்கள் பக்கம் மாலை, மாத்திரை, மஞ்சக்காமாலை, இந்த மூன்றில் ஒன்று இருந்தால்தான் ஆளை விடுவார்கள். சளி என்று சொன்னால், அதற்கு இதுதான் மருந்து என்று இன்னும் கொஞ்சம் கூட்டி ஊற்றுவார்கள்.

சாயங்காலமானால் நான் டம்ளரில் மோரை எடுத்துக்கொண்டு என் அண்ணனாக மாறிவிடுவேன். “மாப்ள, ஒரே ஒரு மடக்கு” என்று நீட்டுவேன்.

“வேணாம் மச்சான், வயிறு சரியில்ல.”

“போச்சு. திரும்பச் சொல்லுங்க.”

“வேணாம் மச்சான், ஒந்தங்கச்சி வையும்.”

“என்னைய எதுக்கு இழுக்குறீக? திரும்ப!”

மகள் விழுந்து சிரிப்பாள். அவருக்குக் கோபம் வரும். எனக்கு அதைவிடக் கூடுதலாக வரும். ஆனாலும் ஒரு நாள்கூட விடவில்லை.

லைசென்ஸ் திரும்ப வருவதற்கு முந்தின வாரம் சுருளிப்பட்டியில் என் அண்ணன் பிள்ளைக்குக் காதுகுத்து. மாலை போட்டவர்களுக்குத் தனிப்பந்தி, அவர்களை யாரும் தொந்தரவு செய்யவில்லை. மற்றவர்கள் குடிக்கத் திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூம் பக்கம் ஒதுங்கினார்கள்; இவரும் அங்கே ஓரமாக நின்றார். நான் கறிச்சட்டியைக் கிண்டுகிற சாக்கில் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் சாவி குத்தியது.

அண்ணன் டம்ளரோடு வந்தார். “என்ன மாப்ள, இங்கன தனியா நிக்கிறீக? பிடிங்க.”

“வேணாம் மச்சான்.”

“மாலையும் காணோம். மாத்திர கீத்திர சாப்பிடுறீகளா?”

“இல்ல.”

“அப்பறம் என்ன? எம்புள்ள காதுகுத்துக்கு வந்துட்டு வேணாம்னா என்ன அர்த்தம்?”

“வேணாம்.”

இவர் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அண்ணனுக்கு முகம் சுண்டிப்போனது. என்னைப் பார்த்து, “ஏத்தா, ஒன் வீட்டுக்காரருக்கு என்ன செய்யிது?” என்று சத்தமாகக் கேட்டார்.

ஒடம்பு சரியில்லண்ணே. அது என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எத்தனை வருசமாக எத்தனை பேரிடம் அவருக்காகச் சொன்ன பொய்! அவருக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்த நான் எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

“ஒண்ணும் செய்யலண்ணே. நல்லாத்தான் இருக்காக” என்றேன்.

அண்ணன் டம்ளரில் இருந்ததைத் தானே குடித்துவிட்டுப் போய்விட்டார். பந்தியில் எங்களோடு பேசவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது இவர், “நாளைக்கும் எவனாச்சும் கேப்பான்” என்றார்.

“நாளைக்கும் சொல்லுங்க” என்றேன்.

அடுத்த வாரம் லைசென்ஸ் வந்தது. சாவியைக் கையில் கொடுத்தேன். முதல் ஓட்டத்துக்கு நானும் மகளும் முன்சீட்டில் ஏறி மலை வரைக்கும் போய் வந்தோம்.

தை பிறந்ததும், மாலை போட்டு மலைக்குப் போனவர்கள் திரும்பினார்கள். அன்று சாயங்காலம் தெரு முழுக்கக் கறி வாசம். ஸ்டாண்டில் ஜீப்பை விட்டுவிட்டு அவர் நடந்து வருவதை வாசலிலேயே நின்று பார்த்தேன். வருசா வருசம் அவரும் மாலையைக் கழட்டுகிற நாள் அது.

கை கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். “என்ன கொழம்பு?”

“கத்திரிக்கா.” கொஞ்சம் தயங்கி, “தெருவுல எல்லாரும் இன்னைக்கு மாலை கழட்டுறாக” என்றேன்.

“நமக்குக் கழட்ட ஒண்ணுமில்ல” என்றார். “சோத்தப் போடு.”