பாவாவின் பங்கு

பாவா, அதாவது என் அக்கா வீட்டுக்காரர், ஜாஸ் கேட்கிறவர் என்றால் திருத்தணியில் ஒருவரும் நம்பமாட்டார்கள். நெற்றியில் பட்டை, கையில் சாப்பாட்டுப் பை, பார்த்தால் கிருத்திகைக்கு மலையேறப் போகிறவர் போலத்தான் இருப்பார். எங்கள் இருவருக்கும் சென்னையில் வேலை. காலை ரயிலில் ஜன்னலோரம் நான், பக்கத்தில் அவர், நடுவில் ஒரே இயர்போன். இடது காதுக்கானது எனக்கு, வலது அவருக்கு.

புதியவற்றைத் தேடிப் பிடிப்பது என் வேலை. "புச்சா எதுனா கீதா மச்சான்?" என்று கேட்டு, ஒன்றிரண்டைப் பொறுமையாகக் கேட்பார். அரக்கோணம் தாண்டியதும் பழையதற்குத் திரும்பிவிடுவார். அந்தப் பழைய பதிவுகளில் ஒரு வேடிக்கை உண்டு. சாக்சபோன் முழுக்க இடது பக்கம், டிரம்மும் பியானோவும் வலது பக்கம் என்று அந்தக் காலத்தில் பிரித்து வைத்திருந்தார்கள். அதனால் எனக்கு எப்போதும் சாக்சபோன்தான். அவர் விரல் சாப்பாட்டுப் பையின் மேல் எதையோ தட்டிக்கொண்டே வரும். என் காதில் விழும் பாட்டோடு அது ஒட்டவே ஒட்டாது. "தாளம் தப்புது பாவா" என்று கிண்டல் செய்வேன்.

"பாகம் பிரிச்சாச்சி. உன் பங்க நீ கேளு, என் பங்குல கண்ணு வெக்காத" என்பார். நானும் வைக்கவில்லை.

போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். அதே ரயிலில் இப்போது நான் மட்டும் போகிறேன். புதியவற்றை இரண்டு காதிலும் தாராளமாகக் கேட்கிறேன்; சில அருமையாக இருக்கின்றன, யாரிடம் சொல்வது? பழையது வந்தால் மட்டும் வலது காதிலிருப்பதைப் பிடுங்கிவிடுவேன். பயம்தான். அவருடையது என்று நான் இன்னும் கேட்காதது அந்த வலது பக்கம் ஒன்றுதான். அதையும் கேட்டுவிட்டால் மனிதர் தீர்ந்துபோவார் என்று தோன்றும்.

சென்ற மாதம் அக்கா கேட்டாள்: "தூக்கத்துலகூட அவரு விரலு தட்டிகினே இருக்கும்டா. அது இன்னா பாட்டு? உனக்குத் தெரிஞ்சிருக்குமே."

தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு வருடமாக இதைத்தான் நினைத்துக்கொண்டு படுக்கிறாள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மறுநாள் ரயிலில் பழையதைப் போட்டு, வலது பக்கத்தை மட்டும் மாட்டிக்கொண்டேன். டிரம் மெதுவாக, விட்டுவிட்டு வந்தது. பியானோ ஏதோ சொல்லிவிட்டுக் காத்திருந்தது. சாக்சபோன் இருக்கவேண்டிய இடமெல்லாம் காலி. மற்ற இருவரும் அந்தக் காலி இடத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பையின் மேல் அவர் தட்டியது இதைத்தான்; பாவாவுக்குத் தாளம் தப்பவே இல்லை. சாக்சபோன் என் பங்கு; அவர் காதால் கேட்டால், இத்தனை வருடமும் இல்லாத ஆள் நான்தான்.

அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பாட்டைப் போடவில்லை. பக்கத்திலிருந்த ஸ்டூலின் மேல் விரலால் தட்டிக் காட்டினேன்.

"ஆங். இதேதான்" என்றாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு, "போதும்டா. நிறுத்திடு" என்றாள்.

நிறுத்திவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவள் எட்டி என் கையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் விரல் நின்றது.