மூன்றாவது பார்சலுக்குப் பிறகு வந்த பதில்

குண்டு வைத்த ஒருவனுக்கு என் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறதா? சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்றவள் கேட்கத்தக்க கேள்வி அன்று. ஆயினும் கேட்க வேண்டியதாயிற்று.

பித்தப்பைக் கல்லை எடுக்கச் சேலத்துக்குப் போன அப்பா, மறுநாள் நாமகிரிப்பேட்டைக்குப் பிணமாகத் திரும்பினார். இரவில் என்ன நடந்தது என்று அம்மா கேட்டாள். "கடவுள் செயல்" என்றது மருத்துவமனை. அறுவைக்கு முன் கையெழுத்து வாங்கியபோது கடவுளைப் பற்றி அங்கு யாரும் பேசவில்லை. நான் புகார் எழுதி அரசு அலுவலகங்களுக்கு அனுப்பினேன். அவை அதை மிகப் பத்திரமாக வைத்திருந்தன, பிரித்துக் கசக்கிவிடவில்லை.

பிறகு சேலத்து மருத்துவர்களுக்குப் பார்சலில் குண்டுகள் வரத் தொடங்கின. மூன்றாவது குண்டு, அஸ்தம்பட்டியில் குழந்தைகளுக்கு அறுவை செய்யும் மருத்துவர் ஒருவரின் வலது கையைச் சிதைத்தது. மருத்துவர்கள்மேல் யாருக்கெல்லாம் கோபம் என்று காவல்துறை தேடியது. என் புகாருக்கு முதல் வாசகர் கிடைத்தார்.

ஆய்வாளர் ஒரு வரி விடாமல் படித்திருந்தார். "நல்லா எழுதியிருக்கீங்கம்மா" என்று பாராட்டிவிட்டு, வெடிமருந்து தேடி, வீட்டில் அடுக்கியிருந்த எங்கள் விளைச்சல் மஞ்சள் மூட்டைகளை அவிழ்க்கச் சொன்னார்.

செய்தி கேட்டுச் சித்தப்பா ஓடி வந்தார். "வாபஸ் வாங்கிரு கண்ணு. போலீஸ் நொழஞ்ச ஊட்டுல எவன் பொண்ணெடுப்பான்?"

"செத்தவரு உங்க அண்ணனுங்க" என்றாள் அம்மா. "எப்படிச் செத்தாருன்னு தெரியாம வாபஸ் கீபஸ் எதுவும் கெடையாது."

அந்த வாரமே அப்பாவுக்கு அறுவை செய்த மருத்துவர் எங்களை மருத்துவமனைக்கு அழைத்தார். வாசலில் அம்மாவின் பையைச் சோதித்தார்கள். பக்கத்தில் ஒரு காவலர் நிற்க, மருத்துவர் துணிச்சலாக உண்மையைச் சொன்னார்.

"உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்குங்கம்மா. ராத்திரி பார்க்க ஆள் இல்லை. காலையிலதான் தெரிஞ்சுது. தப்பு எங்க பேர்லதான்."

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா, அழுதுட்டு ஊட்டுக்குப் போயிருப்பனுங்களே சாமி."

அவர் சொன்னதையும் சேர்த்துப் புகாரை மறுபடி அனுப்பினேன்.

எங்கள் ஊர் டீக்கடை குண்டுக்காரனைக் கொண்டாடியது. "ஒருத்தனாச்சும் கேட்டானுங்களே!" அவன் பிடிபட்டதும் கேட்டது என்னவென்று தெரிந்தது. அவனுடைய முழங்காலைக் கெடுத்ததாகச் சொல்லப்பட்ட மருத்துவர் வெளிநாடு போய்விட்டாராம். ஆகவே கைக்கெட்டிய மூவரைத் தண்டித்திருக்கிறான். நீதி வழங்குவதிலும் எவ்வளவு சிக்கனம்!

அம்மாவுக்கு அவள் கேட்ட பதில் கிடைத்தது. அதற்கான விலையை எங்களுக்கு எந்தத் தீங்கும் செய்யாத ஒரு கை கொடுத்தது. அந்தக் கைக்குரிய அஸ்தம்பட்டி மருத்துவர் இப்போது அறுவை செய்வதில்லை. எங்கள் ஊர்க் குழந்தைகளை அறுவைக்குக் கோயம்புத்தூருக்குக் கொண்டு போகிறோம்.