வெயில் பட்டா வெடிச்சிரும்

வாழ்க்கையில் ஒரே ஒரு ஓட்டத்தில்தான் நான் முதலாவதாக வந்திருக்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயது. என்னோடு ஓடியவர்கள் எங்கள் தெருக்காரர்கள் அத்தனை பேரும். ஓடச் சொன்னதும் நான்தான். பரிசாக அம்மாவின் கையால் ஓர் அறை கிடைத்தது.

ஆமத்தூர்ப் பக்கம், காலையில் பட்டாசு கம்பெனி வண்டி வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகும் ஊர்களில் ஒன்று எங்களுடையது. அம்மாவுக்குப் பூச்சட்டியில் மருந்து அடைக்கும் வேலை. மற்ற ஊர்க்காரர்கள் புஸ்வாணம் என்பார்களே, அதுதான். சாயங்காலம் வீடு திரும்பும்போது முழங்கை வரைக்கும் வெள்ளி பூசியிருக்கும். அம்மா என்றாலே கை அந்த நிறத்தில்தான் இருக்கும் என்று வெகுநாள் நம்பியிருந்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்னரே எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மூன்று பாடம் தெரியும். மருந்தில் தண்ணீர் படக்கூடாது. மருந்தை வெயிலில் மறந்து விடக்கூடாது. ஏதாவது ஒன்று என்றால் வாய் பார்த்துக்கொண்டு நிற்காமல் காட்டைப் பார்த்து ஓட வேண்டும்.

அம்மாவின் தம்பி, என் மாமா, விருதுநகரில் கடைப் பலகை எழுதுகிறவர். லாரிகளின் பின்னால் 'ஒலி எழுப்பு' என்று எழுதியே பாதி வயதைக் கழித்தவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். அந்த வருமானம் போதாமல், அந்தத் திங்கட்கிழமை முதல் கம்பெனியில் மருந்து கலக்கும் அறைக்கு வருவதாகப் போர்மேனிடம் தலையாட்டியிருந்தார். பட்டாசு வேலையில் அதைவிட ஆபத்தான அறை கிடையாது. அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே வழியும் கண்டுபிடித்தாள். சிவகாசியில் ஒரு கம்பெனி பூச்சட்டிப் பெட்டிக்குப் புதுப் படம் தேடுகிறது. திங்கள் காலைக்குள் கொண்டுபோய்க் காட்டினால், பிடித்திருந்தால், சீசன் முழுக்க ஆர்டர். பிடிக்காவிட்டால் கலக்கும் அறை. மாமாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சமிருந்தது.

அவர் குடியிருந்தது மிளகாய் வத்தல் மூட்டைகள் அடுக்கிய ஒரு கிட்டங்கியின் மாடியில். அங்கே ஒரு கோடு போடுவதற்குள் நான்கு தும்மல் வரும். அதனால் படப் பலகையையும் புதிதாக வாங்கிய அக்ரிலிக் பெயிண்ட் டியூபுகளையும் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த கதை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கோலி விளையாடிவிட்டு வீட்டுக்கு வந்தால் உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அம்மா குடத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"உள்ள போகாதலே. மாமா கலர் கலக்குறான்."

எங்கள் தெருவில் கலர் கலக்குவது என்றால் ஒரே அர்த்தம்தான். பச்சை எரிய ஒரு மருந்து, சிவப்பு எரிய ஒரு மருந்து, அவற்றைச் சலித்துக் கலப்பது. அடப்பாவி மாமா, திங்கட்கிழமை வேலைக்கு ஞாயிற்றுக்கிழமையே வீட்டில் வைத்துப் பழகுகிறாரா?

ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். வத்தல் கிட்டங்கிப் பழக்கத்தில் மூக்கில் துண்டு கட்டியிருந்தார். தரையில் பலகையைப் படுக்க வைத்து, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எதையோ குழைத்துக்கொண்டிருந்தார். அவர் முதுகு மறைக்காத இடத்தில் பலகையில் வெள்ளையாக, மினுமினுப்பாக ஏதோ களிபோல அப்பியிருந்தது. அப்புறம் செய்தார் பாருங்கள் ஒரு காரியம்: பக்கத்திலிருந்த தம்ளரிலிருந்து தண்ணீரை எடுத்து அதில் விட்டார். முதல் பாடத்திலேயே மாமா பெயில்.

கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார். "அக்கா, ஒரு டீ குடிச்சிட்டு வந்துருதேன். வெயில் படாமப் பாத்துக்க. தடிமனா அப்பியிருக்கேன், வெயில் பட்டா வெடிச்சிரும்."

"சரிலே, போயிட்டு வா" என்றாள் அம்மா, ஏதோ பாலுக்கு உறை ஊற்றியதைப் பற்றிப் பேசுகிற மாதிரி. என்னை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டுக் குடத்தோடு அடிபம்புக்குப் போய்விட்டாள்.

எங்கள் கூரையில் வெளிச்சத்துக்காக ஒரு கண்ணாடி ஓடு பதித்திருக்கும். அதன் வழியே விழும் வெயில் சதுரமாகத் தரையில் கிடக்கும். பொழுது போகப்போக நகரும். அந்தச் சதுரம் பலகைக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. ஜன்னல் இடுக்கிலிருந்து அந்த வெயிலையும் வெள்ளைக் களியையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அரைச் சாண் ஆனது. நான்கு விரல் ஆனது.

அடுத்த வீட்டுக் கட்டுமானத்துக்குத் தெருவில் மணல் கொட்டியிருந்தார்கள். மருந்துக்குத் தண்ணீர் ஆகாது, மணல்தான் என்பது கம்பெனிச் சுவரில் தொங்கும் வாளிகளைப் பார்த்தே பழகியது. ஒரு வாளி நிறைய அள்ளி வந்து, கண்ணை மூடிக்கொண்டு, பலகையின் மேல் கவிழ்த்தேன். பிறகு கத்திக்கொண்டு ஓடினேன்.

"ஓடுங்க! எங்க வீட்ல மருந்து! வெடிக்கப் போகுது, ஓடுங்க!"

எங்கள் ஊரில் இதை யாரும் இரண்டாம் முறை சொல்லச் சொல்ல மாட்டார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தவர் ஈரத் துண்டோடு ஓடினார். பக்கத்து வீட்டு அத்தை இட்லிக் கொப்பரையின் மூடியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினாள். சவரக் கடையிலிருந்து ஒருவர் ஒரு பக்க மீசையோடு வந்தார். எல்லாருக்கும் முன்னால், கருவேல மரங்களைத் தாண்டிக் கரிசல் காட்டுக்குள் முதல் ஆளாக நான் போய் விழுந்தேன்.

விழுந்த இடத்திலிருந்து திரும்பிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. மொத்தத் தெருவும் இந்தப் பக்கம் வர, ஒரே ஓர் ஆள் மட்டும் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. பழுப்புச் சேலை. அம்மா. மூன்றாவது பாடம் அம்மாவுக்குத் தெரியவில்லையே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

காத்திருந்தோம். ஒன்றும் வெடிக்கவில்லை. டீக்கடைப் பக்கமிருந்து மாமா வடையைக் கடித்தபடி வந்து, காலித் தெருவைப் பார்த்துவிட்டு, காட்டில் உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்தார்.

"என்ன, எல்லாரும் அங்கன உக்காந்திருக்கீக?"

வீட்டுக்குள் போனால் அம்மா கட்டிலுக்கு அடியில் குனிந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். முழங்காலில் ரத்தம். என்னைக் கண்டதும்தான் அந்த அறை. விட்டதும் இழுத்து அணைத்துக்கொண்டாள். அறைந்தது எனக்குப் புரிந்தது, மற்றது புரியவில்லை.

மாமா பலகையைத் தூக்கி உதறினார். காய்ந்த இடங்களில் மணல் உதிர்ந்துவிட்டது. வெயிலில் வெடிப்பு விடும் என்று அவர் பயந்த, ஈரம் காயாத நடுப்பகுதியில் அப்படியே ஒட்டிக்கொண்டது. படத்தில் ஒரு தெரு, சுற்றி நிற்கும் பிள்ளைகள், நடுவே ஒரு பூச்சட்டி. அந்தப் பூச்சட்டியின் வெளிச்சம் இருக்க வேண்டிய இடத்தில் ஆற்று மணல். அவர் என்னைத் திட்டவில்லை. பிளேடை எடுத்து மணலோடு சேர்த்து வெள்ளையைச் சுரண்டி எடுத்தார். "முடிஞ்சுதுக்கா. நாளைக்குப் போர்மேனப் பாக்கப் போறேன்" என்றார்.

ஓடிக் களைத்த தெரு வீட்டு வாசலில் குவிந்திருந்தது. எதற்காக ஓடினோம் என்று பார்க்காமல் போவார்களா?

"ஏலே, இதுக்கா ஓடுனோம்?"

"இது பூச்சட்டியா, டியூப்லைட்டா? சுரண்டுனதே நல்லதாப் போச்சு."

"புகைய எவம்லே வெள்ளையாப் போட்டான்? வெளிச்சத்துப் பக்கம் மஞ்சளா நிக்கும், இங்கிட்டு நீலமா இறங்கும்."

"நீங்க படம் போட்டிருக்கீகளா மச்சான்?" மாமா கேட்டார்.

"படம் போடல. பூச்சட்டி எம்புட்டுப் போட்டிருக்கேன்!"

எல்லாரும் நிபுணர்கள். மாமா எரிச்சலில் தூரிகையை எடுத்துக் கட்டி வைக்கப் போன நேரம், அம்மா முழங்காலில் மஞ்சளை அப்பிக்கொண்டே சொன்னாள்.

"பூச்சட்டியோட வெளிச்சத்தப் பூச்சட்டிகிட்டத் தேடாதலே. எதுக்க நிக்கிற பிள்ளைக மூஞ்சியில இருக்கும், பாரு."

மாமா தம்ளரில் தண்ணீர் கேட்டார். இந்த முறை களிபோல அப்பவில்லை. தண்ணீரில் துளி மஞ்சளைக் கரைத்து, பிள்ளைகளின் கன்னத்தில், சுவரில், கம்பத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் மெல்லத் தடவினார். அந்தக் கலர் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் காய்ந்துவிடும். காய்ந்ததும் அதன் மேல் இன்னொன்று. மஞ்சளுக்கு மேல் ஆரஞ்சு, ஓரத்தில் நீலம், அதன் மேல் ஒன்றுமே இல்லாததுபோல ஒரு புகை. தெரு உட்கார்ந்து பார்த்தது. பொழுது சாய்வதற்குள் பலகைக்குள் காற்று வந்துவிட்டது. மருந்து வாடைகூட அடிக்கிற மாதிரி இருந்தது.

கிடைத்த கூட்டத்தை நான் விடுவேனா? செய்த குற்றத்தை மறந்து, யார் யார் எப்படி ஓடினார்கள் என்று நடித்துக் காட்டினேன். ஈரத் துண்டு, இட்லி மூடி, அரை மீசை. ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு. உச்சமாக ஒன்றை வைத்திருந்தேன்.

"எங்கம்மாவுக்கு மட்டும் எங்கிட்டு ஓடணும்னே தெரியல! வீட்டப் பாத்து ஓடுச்சு!"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும்தான். மாமாவின் தூரிகை மட்டும் நின்றது. பிறகு பழுப்பைத் தொட்டு, எல்லாரும் விலகி நிற்கும் அந்தத் தெருவில், வெளிச்சத்தை நோக்கி ஓடும் ஒரு பெண்ணை, முதுகு மட்டும் தெரிய, நான்கே தீற்றலில் போட்டார்.

மறுநாள் சிவகாசி கம்பெனிக்குப் படம் பிடித்துப்போய்விட்டது. ஆனால் முதலாளி கேட்டாராம், "எல்லாம் சரி, பத்த வச்ச பூச்சட்டியப் பாத்து எந்தப் பொம்பள ஓடுவா? எடுத்துருங்க." மாமா சுரண்டவில்லை. அங்கேயே உட்கார்ந்து, அவள்மேல் இரண்டு பூச்சுப் புகையை விட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். போர்மேன் அதன்பிறகு மாமாவைக் கலக்கும் அறைப் பக்கம் பார்க்கவே இல்லை.

தீபாவளிக்கு முன்னால் அச்சான பெட்டியோடு வந்தார். காதைப் பொத்திக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நிற்கும் பையன் நான்தான் என்று உடனே கண்டுபிடித்துவிட்டேன். அந்தப் பெருமையில் கேட்டேன்.

"அம்மா எங்க மாமா?"

புகையின் மேல் விரலை வைத்தார். "இங்கனதான் இருக்கா. நல்லாப் பாரு மாப்ள."

பெட்டியை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பி, சாய்த்து, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நன்றாகப் பார்த்தேன். எனக்குப் புகைதான் தெரிந்தது.